வாயைப் பார்த்து மிதி

சோற்றின் மேல் குழம்பை ஊற்றிக்கொண்டே ராஜலட்சுமி, "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்று கேட்டாள். அசைந்தது அவள் உதடு. சத்தம் வந்தது தண்ணீர்த் தவலைப் பக்கத்திலிருந்து.

குமாரவேல் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் தவலையைத் திரும்பிப் பார்த்தான். மூடி. மூடியின் மேல் கவிழ்த்து வைத்த டம்ளர். பின்னால் சுண்ணாம்பு உரிந்த சுவர். நடுப்பகல், கதவு திறந்து கிடந்தது, ஐப்பசி மழை விட்ட வெளிச்சம் வாசற்படியோடு நின்றிருந்தது. வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை கிடையாது.

"இன்னா அங்கியே பாக்கறீங்க?"

அதுவும் தவலைப் பக்கமிருந்துதான் வந்தது.

"பல்லி" என்றான். பொய் சொல்வது கொஞ்ச நாளாக அவனுக்கு எச்சில் விழுங்குகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவள், பாவம், நம்பிக்கொண்டு துடைப்பத்தை எடுத்து இல்லாத பல்லியை விரட்டப் போனாள்.

காது மந்தமாகிறது என்றுதான் முதலில் நினைத்தான். பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவனுக்குக் காது போவது ஒன்றும் அதிசயமில்லையே. ஆனால் காது போனால் சத்தம் குறைய வேண்டும். இவனுக்கு ஒரு சத்தமும் குறையவில்லை, எல்லாம் இடம் மாறின. எதிரே வருகிற சைக்கிளின் மணி இடப்பக்கத்து வேலிக்குள் அடித்தது. கரண்டு கம்பியில் உட்கார்ந்த காக்கையின் அலகு தலைக்கு மேலே திறந்து திறந்து மூட, கரைச்சல் மட்டும் இடப்பக்கம் வயல் வரப்பில் கிடந்தது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் முகத்துக்கு நேராக வந்து நிற்க, அதன் இரைச்சலோ இடப்பக்கம் புளியமரத்தடியில் நின்று இரைந்தது. ஏறப் போனவன் எந்தப் பக்கம் காலை வைப்பது என்று தெரியாமல் முழித்துக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். எல்லாம் இடப்பக்கம். ஏன் இடப்பக்கம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கத்தான் பாடுபட்டான்.

பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி, நஞ்சை நிலத்தை மண் கொட்டி மேடாக்கி, தகரம் போட்டுக் கட்டிய ஷாப் அது. உள்ளே வரிசையாக, இரும்புத் தகட்டை அடித்து வெட்டுகிற பவர் பிரஸ். எல்லாம் ஓடும்போது தரை நடுங்கும். பக்கத்தில் நிற்பவன் கத்துவது காதில் விழும், எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று மட்டும் தெரியாது. தகரக் கூரை எல்லாச் சத்தத்தையும் வாங்கி நாலு மூலைக்கும் இறைத்துவிடும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. செட்டர் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று, டை என்கிற அச்சுக்குள் கைவிட்டு இரும்பைச் சரிபண்ணுவார். இந்தப் பக்கம், மிதித்தால் மேல் அச்சு இறங்குகிற பெடலில் கால் வைத்து நிற்கிற ஆபரேட்டருக்கு அந்தக் கை தெரியாது, முகம்தான் தெரியும். கையை எடுத்ததும் செட்டர் 'அடி' என்பார். பக்கத்து மெஷின் செட்டரும் அதே 'அடி'தான் சொல்லுவார் என்பதால் குரலை மட்டும் நம்பி மிதிக்கக் கூடாது. புதுசாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள், வாயைப் பாத்து மிதிடா என்று.

குமாரவேலுக்குச் செட்டர் வடக்குப்பட்டு தாவீது. தலை நிறையத் தேங்காய் எண்ணெய், ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் கீச்சுக் குரல். டைக்குள் கை இருக்கிற நேரம் முழுக்க அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஜெபம். சத்தம் வெளியே வராது. கையை எடுத்த பிறகு 'ஆமென்' என்று முடித்து, அதற்கப்புறம்தான் 'அடி'. இந்த உதட்டுக்குப் பயந்தே மற்ற ஆபரேட்டர்கள் அவரோடு நிற்க மாட்டார்கள். "அண்ணன் ஆமென் எனக்குத் தெரியும்" என்று வருஷக்கணக்காக மார் தட்டிக்கொண்டு அவரோடு நின்றவன் குமாரவேல்தான்.

அன்றைக்கு வாசலில் லாரி நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. லோடு முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து வந்து வாட்சைக் காட்டிவிட்டுப் போனார். தாவீது இரண்டு கையையும் உள்ளே விட்டார். உதடு அசைய ஆரம்பித்தது. குமாரவேலின் கால் பெடல் மேல் துடித்துக்கொண்டிருந்தது. 'அடி' என்று குரல் வந்தது. அந்த உதட்டிலிருந்துதான் வந்தது, சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவான். ஆமெனுக்குக் காத்திருக்கவில்லை. மிதித்தான்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்பார்கள். கண்ணும் காதும் கூட்டுச் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் மனுஷன் எங்கே போய் விசாரிப்பான்?

யாரோ மெயின் சுவிட்சை இழுத்தார்கள். ஷாப் பூராவும் அடங்கியது. தாவீது கத்தவில்லை. அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது, ஜெபம் முடியவில்லை. அந்த அமைதியில் இடப்பக்கத்து மெஷினிலிருந்து, இங்கே நடந்தது தெரியாத செட்டர் பரசுராமன் தன் ஆபரேட்டரைத் திட்டினார். "அடின்னு சொன்னேன்ல, இன்னாத்துக்குடா மெஷின் நின்னுச்சு?"

கட்டைக் குரல். கேட்ட அதே குரல். ரத்தம் ஆயிலோடு கலந்து தரைக்கு வந்து சேருவதற்கு முன்பே குமாரவேலுக்கு விளங்கிவிட்டது. இடப்பக்கம் ஒருத்தர் சொன்னதை எடுத்து எதிரே அசைந்த வாயில் வைத்தது தன் மண்டைதான்.

முதலாளி வந்து கேட்டார், குரல் குடுத்தது யாரு என்று. பரசுராமன் அங்கேதான் நின்றார். தன் 'அடி' எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான்.

"அண்ணன்தான் சொன்னாரு. கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்" என்றான் குமாரவேல்.

தாவீதின் தப்பு என்று ஷாப்பில் தீர்த்துவிட்டார்கள். இதைக்கூட விட்டுவிடலாம், பயத்தில் வாய் உளறியது என்று. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது நடந்ததை எதில் சேர்ப்பது? இரண்டு மணிக்கட்டிலும் கட்டு, அதற்குக் கீழே கை இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் பெண்சாதி ஞானம்மா. டெட்டால் வாடைக்கும் மேலே அந்தத் தேங்காய் எண்ணெய் வாடை.

"கொமாரு, நான் சொன்னேனா?"

"சொன்னீங்கண்ணா."

"எனக்கு நெனப்பே இல்லடா. ஆமென்கூட சொல்லலயே. வாய் அசைஞ்சத நீ பாத்தியா?"

"பாத்தேண்ணா."

அது உண்மை. அந்த உண்மையைச் சொன்னபோதுதான் அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"அப்ப நான்தான் சொல்லியிருப்பேன்" என்றார் தாவீது. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. உதடு மட்டும் அசையும், பேச்சு நின்றுபோனது. ஊரும் ஷாப்பும் அவர் தப்பு என்று ஒத்துக்கொண்டபோது ஞானம்மா ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒன் கண்ணுக்கு வேற இன்னாவோ தெரிஞ்சிருக்கு தம்பி. எங்கூட்டுக்காரரு ஆமென் சொல்லாம அடின்னு சொல்லவே மாட்டாரு. அவரே சொன்னேன்னாலும் நான் நம்ப மாட்டேன்" என்று குமாரவேலின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். குமாரவேல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். திருடனுக்குத் தேள் கொட்டின கதை, யாரிடம் போய் அழுவான்?

சத்தங்கள் இடம் மாற ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

ஒரு சாயங்காலம் ராஜலட்சுமி அவனை டென்ட் கொட்டகைக்கு இழுத்துப் போனாள், மனசு மாறட்டும் என்று. மணலில் உட்கார்ந்தார்கள். ஈர மணல் வாடை, பீடிப் புகை, சுண்டல் வாடை. திரையில் கதாநாயகன் வாயைத் திறந்து வசனம் பேசினான். வசனம் இடப்பக்கம் மூங்கில் கம்பத்தில் கட்டியிருந்த பெட்டியிலிருந்து வந்தது. கொட்டகை முழுக்கச் சனம் திரையைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருக்க, இவன் ஒருத்தன் மட்டும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காஞ்சிபுரத்தில் காது டாக்டரம்மா விளக்கு போட்டுப் பார்த்துவிட்டு, காது நல்லாத்தான் இருக்கு என்றார். "சினிமாப் பெட்டி எங்கயோ இருக்கு, ஆனா எல்லாருக்கும் படத்துல இருக்கறவன் வாய்ல இருந்து பேச்சு வர்ற மாதிரிதானே கேக்குது? கண்ணு இடம் காட்டும், மூளை குரலைக் கொண்டுபோய் அங்க கட்டிவெச்சிடும். அந்தக் கட்டு உங்களுக்கு அவிழ்ந்துபோச்சு போல. எதாவது அதிர்ச்சியா?"

"இல்லீங்க" என்றான்.

அதையும் சொல்லியாயிற்று. வெளியே வந்ததும் ராஜலட்சுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்கல்ல" என்றாள். குரல் இடப்பக்கம், அவன் தோளுக்குப் பக்கத்தில்.

அப்போதுதான் கவனித்தான். சத்தம் முதலில் வேலிக்குள் இருந்தது. பிறகு சுவரோரம். இப்போது கை நீட்டினால் தொடுகிற தூரம். இடப்பக்கம் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. பஸ், காக்கை, பெண்டாட்டி, ஓட்டின் மேல் விழுகிற மழை, அத்தனை சத்தமும் சிதறாமல் சிந்தாமல் ஒரே இடத்திலிருந்து வந்தது. அந்த இடத்தின் உயரமும் அவனுக்குப் பழகியதுதான். கொஞ்சம் குனிந்து நிற்கிற ஒரு ஆளின் வாய் உயரம்.

திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வாடை இருக்கும். பிரஸ் ஆயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்து.

ஷாப்புக்குப் போவதை நிறுத்தினான். பேச்சையும் குறைத்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கரண்டு போய், வீடு அடங்கிக் கிடந்தபோது, கொல்லையில் இருந்தவளை "ராஜி" என்று கூப்பிட்டான். நாக்கு அவன் வாய்க்குள்தான் புரண்டது. "ராஜி" என்றது இடப்பக்கம்.

அவள் உள்ளே வந்து, வந்த வேகத்தில் அவனைப் பார்க்காமல் அவனுக்கு இடப்பக்கம் காலி இடத்தைப் பார்த்து, "இன்னா?" என்றாள். பிறகு தானே குழம்பிப்போய் அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் இடக்கையை நீட்டி அந்தக் காலி இடத்தைத் துழாவினான்.

"சந்தையில ஞானம்மாக்காவப் பாத்தேன்" என்றாள் அவள். "நாளைக்கு சர்ச்சுல, தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாலயும் அவங்கூட்டுக்காரரு எழுந்து நிக்கணுமாம். பேச்சு வராட்டியும் தலையாட்டுனாப் போதுமாம், ஊர்ப் பெரியவங்க சொல்லிட்டாங்க. அந்தக்கா விட மாட்டேன்னு சண்ட போட்டுக்கினு கீது."

குமாரவேல் சட்டையை மாட்டினான். மனசு முழுக்க வெட்கம். பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. அந்தப் பொம்பளை நம்பியது சரி என்று ஒரு வார்த்தை அவள் காதில் போட்டுவிட வேண்டும். நாளைக்குள், இன்றைக்கே. அதற்குப் பிறகு போலீசுக்குப் போனாலும் சரி, ஊர் செருப்பால் அடித்தாலும் சரி. சொல்லிவிட்டால் எல்லாம் அதது இடத்துக்குப் போய்விடும் என்று நம்பினான்.

வடக்குப்பட்டு ஏரிக்கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஏரி ரொம்பிக் கிடந்தது. மேகம் மூடி, நாலு மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டிவிட்டது. கண்ணுக்கு எட்டிய தண்ணீர் ஓரமெல்லாம் தவளை கத்த வேண்டும். கத்தியது. ஆயிரம் தவளையும் அவன் இடது காதுக்குப் பக்கத்தில், ஒரே வாயிலிருந்து.

ஞானம்மா கதவைத் திறந்தாள். வாய் அசைந்தது. "வா தம்பி" என்றது இடப்பக்கம். உள்ளே மேசைமேல் மெழுகுவத்தி. நாற்காலியில் தாவீது. கட்டுப் போட்ட கைகள் இரண்டும் மடியில். எதிரே ஸ்டூலைக் காட்டினாள், இவன் உட்கார்ந்தான். அவள் இவனுக்கு முதுகைக் காட்டி, கிண்ணத்தை எடுத்துப் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டினாள். ஒரு ஸ்பூன். ஒரு ஸ்பூன். கஞ்சி விழுங்கிய பிறகும் தாவீதின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எப்போதும்போல. சத்தமில்லாமல்.

இடப்பக்கம் இப்போது ஒன்றும் இல்லை. அதை உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தான். வாடையும் போய்விட்டது. ஸ்பூன் கிண்ணத்தில் பட்ட சத்தம் கிண்ணத்திலிருந்து வந்தது. கூரையில் விழுந்த தூறல் கூரையிலிருந்து வந்தது. எல்லாம் அதது இடத்தில். அவனுக்கு அழுகை வந்தது. சொல்ல வந்தேன், சொல்லும் முன்னாலேயே மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்தான்.

வாயைத் திறந்தான். எத்தனையோ நாளாகத் தொண்டையில் கிடந்ததை வெளியே தள்ளினான்.

"தப்பு என்னுது."

சத்தம் எதிரிலிருந்து வந்தது.

கீச்சுக் குரல்.

ஞானம்மாவின் கையிலிருந்த ஸ்பூன் நின்றது. அவள் புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம். கன்னத்து ஓரத்திலேயே அது இவனுக்குத் தெரிந்தது. "பேசிட்டியாய்யா" என்றாள். "ஏசப்பா, பேச்சு வந்துடுச்சு."

அப்புறம்தான் என்ன பேசினார் என்பது அவளுக்கு உறைத்தது. கிண்ணம் சாய்ந்து கஞ்சி மடியில் ஒழுகியது.

"இன்னா சொன்ன?"

குமாரவேல் எழுந்தான். அக்கா, அவர் இல்லை, இது நான் என்று கத்தினான். நெஞ்சு வலிக்கக் கத்தினான். தொண்டை அதிர்ந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

"நான்தான்" என்றது எதிரே.

"நான்தான். கேளு. நான்தான்."

"ஐயோ, வேணாம்" என்றாள் ஞானம்மா. "நீ சொல்லியிருக்க மாட்ட. ஒனக்கு நெனப்பு தப்பிப்போச்சு. நீ சொல்லல." அவள் குரல் ஒவ்வொரு வார்த்தைக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வார்த்தையில் அதில் நம்பிக்கை இல்லை.

தாவீது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் குமாரவேலைப் பார்த்தார். கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கெஞ்சியது. கீழே உதடு, அது பாட்டுக்கு.

நிறுத்த வேண்டும்.

குமாரவேல் பல்லைக் கடித்தான். உதட்டை இறுக்கினான். பத்து விரலாலும் வாயைப் பொத்திக்கொண்டான். மூச்சுகூட விடவில்லை.

"தப்பு என்னுது."

ஞானம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். மெல்ல, சத்தமில்லாமல் வைத்தாள். புருஷனை விட்டு ஒரு அடி தள்ளி உட்கார்ந்தாள்.

"தப்பு என்னுது."

மடியிலிருந்து இரண்டு கட்டும் மேலே எழுந்தன. தாவீது அவற்றை வாய்மேல் வைத்து அழுத்தினார். புரட்டிப் புரட்டி அழுத்தினார். மூடுவதற்கு விரல் இல்லை. இரண்டு கட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் உதடு அசைந்தது, கஞ்சி வழிந்தது.

"தப்பு என்னுது. தப்பு என்னுது."